ராஜபார்ட் வாங்கிய அறை

கன்னியம்மாளை ஒருத்தன் கன்னத்தில் அறையப்போகிறான் என்ற சேதி பரவிய அன்று எங்கள் நெசவுத் தெருவில் பாதித் தறி ஓடவில்லை. சென்னை டெலிவிஷனில் ஒரு நாடகம் போடுகிறார்கள், அதில் குடிகாரப் புருஷனிடம் அடி வாங்கும் நெசவுக்காரி வேஷம் அவளுக்கு வந்திருக்கிறது, விஷயம் அவ்வளவுதான். ஆனாலும் தெரு கொதித்துப்போனது. வேறு யாராவது அடி வாங்கியிருந்தால் திருத்தணிக்காரர்கள் இத்தனை அலட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். கன்னியம்மாள் எங்களுக்கு ராஜபார்ட்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாடகத்தில் ராஜாவாகவும் சாமியாகவும் வருகிறவருக்கு ராஜபார்ட் என்று பேர். திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் சேர்ந்த புதிதில், கன்னியம்மாள் குமரியாக இருந்தபோது, அவளை ராணி வேஷத்துக்குத்தான் கூப்பிட்டார்கள். ராணி வந்து நின்றாள். ராஜா அவள் தோளுக்கு இருந்தார். ஜனங்கள் சிரித்தார்கள், ராஜா கோபித்துக்கொண்டு அரிதாரத்தோடே ரயிலேறிப் போய்விட்டார். அடுத்த ஊரில் வேறொரு ராஜா, அவரும் அப்படித்தான். நாடக ஏஜெண்ட் வீராசாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் கிரீடத்தை எடுத்து அவள் தலையிலேயே வைத்துவிட்டார். அன்றைக்கு வைத்த கிரீடம் இருபது வருஷமாக இறங்கவில்லை. மைக் செத்துப்போனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற தொண்டை அவளுக்கு. நகரி, புத்தூர் பக்கம் போனால் அதே தொண்டையில் தெலுங்கு வரும்.

வேஷம் கட்டிய பிறகு அவளுக்குப் பேர் கிடையாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அரிதாரம் பூசி, கிரீடம் வைத்து, கற்பூரம் காட்டியாகிவிட்டால் எல்லாருக்கும் அவள் சாமிதான். புருஷன் வேணுவே தள்ளி நின்று, "சாமி, காப்பித் தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்பான். மகள் அம்சாவும் கிட்டே போய் 'அம்மா' என்று கூப்பிட முடியாது. ஒரு தடவை அம்மையார்குப்பத்தில் ஒரு குடிகாரன் மேடையைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான். ஊர் கூடி அவனைத் தேங்காய் உடைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வைத்த பிறகுதான் நாடகம் தொடர்ந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் சரவணப் பொய்கை பக்கம் மேடை போடுவார்கள். கன்னியம்மாள் முருகன் வேஷத்தில் வருவாள். தாய்மார்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்து வாங்கிப் போவார்கள். சுற்றுவட்டார ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் வந்திருந்து, நாடகம் பிடித்துப்போனால் தங்கள் ஊர்த் திருவிழாவுக்கு அங்கேயே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். அவளுடைய ஒரு வருஷப் பிழைப்பு அந்த ஒரு மாலையில்தான் இருந்தது.

டெலிவிஷன்காரர் வந்த கதை தனிக் கதை. பாலசுப்பிரமணியன் என்று பேர், நாடகம் எடுத்துப் போடுகிற உத்தியோகம். குழந்தைக்கு மொட்டை போட மலைக்கு வந்தவர், அடிவாரத்தில் நாடகம் பார்த்து அசந்துபோய், மறுநாள் காலையில் வீடு தேடி வந்துவிட்டார். கன்னியம்மாள் வாசலில், தறிக்குப் போகும் பாவு நூலுக்குப் போடக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கன்னியம்மாள் அம்மா இருக்காங்களா?"

"உள்ள இருக்காங்க. குந்துங்க," என்று பாய் போட்டுவிட்டு உள்ளே போனாள். முகத்தைக் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். அவர் மறுபடியும், "சொல்லிட்டீங்களா?" என்றார். தறிக்குழியில் இருந்த வேணு அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் நாலு இழை அறுந்துபோனது.

வேஷம் இன்னதென்று தெரிந்ததும் முதலில் ஓடிவந்தவர் வீராசாமிதான். தோள் துண்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வந்திருந்தார். வீட்டில் அப்போதுதான் களி கிண்டி இறக்கிக் கருவாட்டுக் குழம்போடு உட்கார்ந்திருந்தார்கள். அம்சா அவருக்கும் ஒரு தட்டு வைத்தாள். அவர் தட்டைத் தொடவில்லை.

"கன்னிம்மா, நீ இன்னா வேஷம் வேணா கட்டு. நான் குறுக்க நிக்கல. பிச்சக்காரி கூட கட்டிக்கோ. அடி மட்டும் வாங்காத."

"ஏண்ணா, நாடகத்துல அடி வாங்கினா ஒடம்பு தேஞ்சிடுமா?"

"ஒடம்பு தேயாது, பேரு தேஞ்சிடும். நம்ம மேடையில இத்தினி வருசத்துல உன்மேல ஒரு விரலு பட்டிருக்குதா? ஆடிக் கிருத்திகைக்கு முருகரு கட்டிகினு வந்து நிப்ப. ஊர்ப்பட்ட பெரிய மனுசன் எதிர்ல குந்திகினு இருப்பான். டிவில குடிகாரங்கிட்ட ஒத வாங்கினவதான இதுன்னு ஒருத்தன் வாயத் தொறந்தா போதும். அப்பறம் எவ கொழந்தயத் தூக்கினு வந்து உன் மடியில வெப்பா?"

கன்னியம்மாள் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்தபடியே வேணுவைப் பார்த்தாள். "நீ இன்னா பாவா சொல்ற?"

வேணு அத்தை மகன். அதனால் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பாவாதான். பேச்சில் முந்துகிற ஆள் இல்லை.

"நான் இன்னா சொல்றது? அவரு சொல்றதிலயும் நாயம் இருக்குது."

"நாயம் இருக்குது. நானும் ஒண்ணு சொல்றேன், அதையும் கேளு. போன மாசம் அரக்கோணம் பஸ்ஸுல ஒரு பொம்பள என்ன இடிச்சித் தள்ளிட்டு சீட்டுல குந்திகினா. குந்திகினு பக்கத்துல இருக்கறவகிட்ட சொல்றா, நேத்து முருகரு வேஷம் பாத்தியாடி, கண்ணுலயே நிக்குது, காலத் தொட்டு கும்புட்டு வந்தேன்னு. நான் கம்பிய புடிச்சிகினு அவ தலமாட்டுல நின்னுகினே வரேன். என்ன நிமிந்துகூட பாக்கல." எச்சில் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள். "இருவது வருசமா ஆடறேன். என் மூஞ்சி எப்டி இருக்கும்னு ஊருல எவனுக்குனா தெரியுமா? ஒரே ஒரு தபா, இந்த மூஞ்சியோட நின்னு நாலு பேரு பாக்கணும்னு எனக்கு ஆசையா இருக்குது பாவா. அதுல அடி வாங்கற வேஷம் வந்தா அடி வாங்கறேன்."

வேணு, "போய்ட்டு வா," என்றான். வீராசாமி எழுந்து போய்விட்டார். அவர் தட்டுக் களியை வேணுதான் சாப்பிட்டான்.

ரயிலேறிச் சென்னைக்குப் போனபோது அம்சாவும் கூடப் போனாள். அங்கே நடந்ததெல்லாம் அம்சா வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஸ்டூடியோவுக்குள்ளே ஜில்லென்று இருந்ததாம். கண்ணைக் கூசும் விளக்குகள். தறி, ராட்டை, அடுப்பு எல்லாம் வைத்து ஒரு வீடு செட் போட்டிருந்தார்கள். தறியில் இழை ஓட்டும் நாடா மட்டும் இல்லை என்று அம்சாவுக்கு ஒரே சிரிப்பு.

புருஷனாக நடித்தவர் நாகராஜன். பகலில் ஆபீஸ் வேலை, சாயங்காலம் சபா நாடகம். நல்ல சிவந்த மேனி, மெல்லிய மனிதர். கன்னியம்மாள் எதிரில் அவரும் தோளுக்குத்தான் வந்தார் என்பதால் அவரை ஒரு பலகைமேல் நிறுத்தினார்கள். வசனம் பேசினார், கையை ஓங்கினார். கன்னியம்மாளின் கை சரேலென்று எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது.

"அம்மா, பிடிக்கக் கூடாது. அடி வாங்கணும்," என்றார் பாலசுப்பிரமணியன்.

"தெரியும் சார். கை தானா போவுது."

இன்னொரு தடவை எடுத்தார்கள். மறுபடியும் பிடித்தாள். ராஜபார்ட் இருபது வருஷமாக எதிராளியின் வாளையும் கையையும் பிடித்தே பழகியவள், அவளென்ன செய்வாள். மூன்றாம் தடவை பிடித்ததோடு நிற்காமல் கண்ணை உருட்டி ஒரு பார்வையும் பார்த்துவிட்டாள். நாகராஜன் வசனத்தை மறந்து, "மன்னிச்சுக்குங்கம்மா," என்றார். விளக்குக்காரர்கள்வரை சிரித்துவிட்டார்கள். பாலசுப்பிரமணியன் சிரிக்கவில்லை. அடுத்த நாடகத்துக்காரர்கள் வெளியே காத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை எடுக்கலாம். உங்களால முடியலன்னா சொல்லிடுங்க. தப்பா நினைக்க மாட்டேன். பக்கத்துலயே வேற ஆள் இருக்காங்க."

அம்சாவுக்கு அழுகை வந்துவிட்டதாம். இத்தனை தூரம் வந்து, வீராசாமியைப் பகைத்துக்கொண்டு, கடைசியில் வேறொருத்தி அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு நிற்கப்போகிறாளே என்று. கன்னியம்மாள் கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், கையில எதனா குடுங்க. ரெண்டு கையும் ரொம்பறாப்பல."

குடம் கொடுத்தார்கள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அடுப்பைப் பார்த்தாள். அங்கே ஒரு மண்சட்டி இருந்தது. அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றச் சொன்னாள். "பாவுக்குக் கஞ்சி எடுத்துகினு போறேன்னு வெச்சிக்கறேன் சார். இத கொட்ட மாட்டேன்."

நெசவு வீட்டில் பிறந்தவளுக்குக் கஞ்சி கொட்டுவது என்றால் அன்றைய நூல் வீணாவது. கையில் அந்தச் சட்டி இருக்கும்போது பாம்பு வந்தாலும் கீழே வைத்துவிட்டுத்தான் ஓடுவாள்.

விளக்குகள் எரிந்தன. நாகராஜன் கையை ஓங்கினார். இந்தத் தடவையும் பிடித்துவிடுவாள் என்ற பயத்திலேயே வேகமாக வீசிவிட்டார். பிடிக்க அங்கே கை இல்லை. பளீரென்று நிஜமாகவே விழுந்தது. அவருக்கே தூக்கிவாரிப் போட்டுவிட்டது. கன்னியம்மாள் அசையவில்லை. சட்டியில் ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த இடத்தில் அவள் கீழே விழுந்து அழ வேண்டும் என்றுதான் எழுதியிருந்தது. அழவில்லை. எழுதாத வசனம் ஒன்றைச் சொல்லிவிட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டாள். பாலசுப்பிரமணியன் அதை அப்படியே வைத்துக்கொண்டார். ரயிலில் திரும்பும்போது கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. வீட்டில் சொல்லக் கூடாது என்று அம்சாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அம்சா ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள், பிறகு தெரு முழுக்கச் சொன்னாள்.

நாடகம் ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பானது. எங்கள் தெருவில் அப்போது டெலிவிஷன் வைத்திருந்தவர் லுங்கி வியாபாரி பஞ்சாட்சரம் ஒருத்தர்தான். அன்று மத்தியானத்திலிருந்தே அவர் வீட்டுக்குள் ஜனம். அம்மையார்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பஞ்சாட்சரம் பெருமை தாங்காமல் கூடத்துக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். அவர் மனைவி அத்தனை பேருக்கும் சுண்டல் தாளித்தாள். வீராசாமியும் வந்து ஒரு தூணோரமாக நின்றார். கன்னியம்மாள் பெண்களுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ ஆயிரம் பேருக்கு எதிரில் ஆடியவள், அன்றைக்கு வாங்கிய சுண்டலைத் தின்னாமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

ஆனிக் காற்று மலையிலிருந்து இறங்கி வீசிக்கொண்டிருந்தது. மாடியில் இருந்த ஏரியல் கம்பம் ஆடியது. அது ஆடும்போதெல்லாம் படம் அலையடித்துப் புள்ளி புள்ளியாகப் போனது. நாடகம் ஆரம்பிக்கும் நேரத்தில் சுத்தமாகப் போய்விட்டது. வேணு மாடிக்கு ஓடினான். கம்பத்தைக் கட்டிப்பிடித்துக் கிழக்கே திருப்பினான். கீழே படம் பளிச்சென்று வந்தது. கையை விட்டான், போய்விட்டது.

"வுடாத வேணு, அப்டியே புடிச்சிக்கோ," என்று கீழிருந்து பத்துக் குரல்.

பிடித்துக்கொண்டான். இருபது வருஷமாக யாரும் பார்க்காத தன் பெண்டாட்டி முகத்தை ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் மாடியில் காற்றில் கம்பத்தோடு நின்றான்.

"இப்ப இன்னா ஆவுது?" முற்றத்து வழியாகக் கீழே கத்தினான்.

"உன் பொண்டாட்டி ராட்டையில தாரு சுத்தறா."

"இப்ப?"

"குடிச்சிட்டு வரான் அந்த ஆளு. நடக்கறதப் பாத்தா குடிச்சாப்பலயே இல்ல, வயித்து வலிக்காரன் மாதிரி வரான்."

கூட்டம் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. திரையில் கன்னியம்மாள் சட்டியோடு எழுந்து நிற்கிறாள். அந்த ஆள் கையை ஓங்குகிறான்.

அறை விழுந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. திரையில் அவள் முகம் மட்டும் இருந்தது. அரிதாரம் இல்லாத முகம். கன்னத்து எலும்பும், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையமும் தெரிந்தன. கண்ணில் நீர் நிறைந்து நின்றது, வழியவில்லை. முன்வரிசையில் இருந்த நெசவுக்காரிகள் அவள் முகத்தையும் பார்த்தார்கள், சட்டியையும் பார்த்தார்கள். அவள் புருஷனைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "கஞ்சி ஆறுது. வழி வுடு."

"இன்னாச்சு?" மேலேயிருந்து வேணு. "ஏன் யாரும் பேச மாட்டேன்றீங்க? அடிச்சிட்டானா? விழுந்துட்டாளா?"

கீழே எல்லாரும் அழுதார்கள். மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தி எழுந்து திரையில் இருந்த நாகராஜனைப் பார்த்துக் காறித் துப்பப்போனாள், பஞ்சாட்சரம் குறுக்கே நின்று பெட்டியைக் காப்பாற்றினார். வீராசாமி தூணை விட்டு நகர்ந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கன்னியம்மாள் அதை மட்டும்தான் பார்த்தாள்.

நாடகம் முடிந்து வேணு இறங்கி வந்தபோது உள்ளங்கை துருவில் சிவந்திருந்தது.

"ஊரே பாத்துடுச்சு. நீ பாக்கலயே பாவா," என்றாள்.

"நான் தெனமும் பாக்கற மூஞ்சிதான," என்றான் வேணு. அவள் அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ஆடிக் கிருத்திகை நெருங்கியது. மற்ற வருஷங்களில் இதற்குள் ஒன்றிரண்டு ஊர்க்காரர்கள் வந்து நாள் கேட்டுவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் யாரும் வரவில்லை. நாடகத்துக்கு நாலு நாள் இருக்கையில் வீராசாமி வந்து நின்றார். முகத்தை நேரே பார்க்காமல் பேசினார்.

"கன்னிம்மா, வேலூர்லேந்து ஒரு ஆள வரச்சொல்லி வெச்சிருக்கேன். முருகரு கட்டறவன். மேக்கப் போட்டுகினு தட்டிக்குப் பின்னால குந்திகினு இருப்பான். மொதல்ல நீதான் போற. ஜனத்துல கூச்சல் வந்துச்சுன்னா, கொழந்த எவளும் தரலன்னா, நீ எறங்கிடணும். என்ன தப்பா நெனைக்காத. அம்பது பேரு வயிறு இதுல இருக்குது."

வேணு எழுந்துவிட்டான். கன்னியம்மாள் கையமர்த்தினாள். "சரிண்ணா. எறங்கிட்றேன்," என்றாள்.

கிருத்திகை அன்று ஊரில் கால் வைக்க இடமில்லை. பூக்காவடிகள் படியேறிக்கொண்டே இருந்தன. ஆந்திரா பக்கத்து மஞ்சள் வேட்டிகளும், மொட்டைத் தலைகளில் அரைத்த சந்தனமும், அரோகரா சத்தமும்தான் எங்கும். வெயில் தாழ்ந்ததும் சரவணப் பொய்கை பக்கம் மேடைக்கு முன்னால் பாய் விரித்து இடம் பிடித்துவிட்டார்கள். திருவாலங்காட்டு விவசாயிகள், அம்மையார்குப்பத்து நெசவுக்காரர்கள், நகரிக்காரர்கள், எல்லாரும். ஊர்ப் பெரியவர்கள் முன்வரிசையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தட்டிக்குப் பின்னால் இரண்டு முருகன்கள். வேலூர்க்காரர் முழு வேஷத்தில் ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். வேணு கற்பூரம் காட்டினான். "போய்ட்டு வாங்க சாமி," என்றான்.

ஹார்மோனியம் எடுத்துக் கொடுத்தது. கன்னியம்மாள் வேலும் கையுமாக மேடைக்கு வந்தாள். வழக்கமாக அந்த நிமிஷத்தில் அரோகரா பொய்கைக் கரையைப் பிளக்கும். இன்றைக்கு வரவில்லை. அத்தனை ஜனமும் அவளை உற்றுப் பார்த்தது. அரிதாரத்துக்குள் எதையோ தேடிப் பார்த்தது. பாட்டை எடுக்க வாயைத் திறந்தாள்.

"கன்னிம்மா."

பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது குரல். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி எழுந்து நின்றிருந்தாள். சாயம் ஏறிய விரல்கள், நெசவுக்காரிதான். ஹார்மோனியம் நின்றுவிட்டது. வேஷம் கட்டின சாமியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாயிற்று. முன்வரிசைப் பெரியவர் ஒருத்தர் திரும்பி, "ஏய், குந்து," என்று அதட்டினார். அவள் குந்தவில்லை.

"டிவில கஞ்சிச் சட்டியோட நின்னது நீதானா?"

தட்டியோரம் வீராசாமி பல்லைக் கடித்துக்கொண்டு, பேசாதே என்று கையைக் காட்டினார். பேசாமல் நின்றால் சாமி. காதில் விழாததுபோலப் பாட்டை எடுத்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். நாலு பெரியவர்கள் அந்தப் பெண்ணை உட்கார வைத்துவிடுவார்கள். பதில் சொன்னால் வேஷம் கலைந்தது. கன்னியம்மாள் மேடை விளிம்புவரை வந்தாள். மேடைக் குரலை விட்டுவிட்டு, வாசலில் கஞ்சி காய்ச்சும்போது பேசுகிற குரலில் சொன்னாள்.

"ஆங். நான்தாம்மா."

அந்தப் பெண் குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்துத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"அப்ப இந்தா, என் கொழந்தய வாங்கு. பொம்பளப் புள்ள. உன்ன மாதிரி நிக்கணும்."

முன்னால் இருந்தவள் வாங்கினாள், அவளிடமிருந்து இன்னொருத்தி வாங்கினாள். குழந்தை தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி மேடைக்கு வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு குழந்தை கிளம்பிவிட்டது, நகரிக்காரி ஒருத்தியுடையது. அரோகரா எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை, மலைப்படிவரை போனது. அதட்டிய பெரியவரும் எழுந்து நின்றுவிட்டார். கன்னியம்மாள் வேலை மேடையில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். அவள் முகத்தில் அரிதாரம் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

வீராசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனார். வேலூர்க்காரர் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"நீ மூஞ்சிய கழுவிக்கோப்பா," என்றார் வீராசாமி. "கழுவிகினு முன்னாடி போய் குந்து. நல்லா பாக்கலாம்."